மாட் போட்ட கேமை அப்டேட் கெடுக்காமல் காப்பது எப்படி?

"மாமா, என் வீட்டைக் காணோம்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா மகன் போனில் இப்படி அலறியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேமுக்குள் அவன் கட்டிய வீட்டைத்தான் சொல்கிறான் என்று புரிய அரை நிமிடம் ஆயிற்று. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மட்டுமே கேம் என்பது அக்கா போட்ட சட்டம். அப்படி வாரம் ஒரு மணி நேரமாக ஏழு மாதம் விளையாடி, மலையடிவாரத்தில் ஒரு வீடு, அதில் நூலகம், வாசலில் ஒரு குதிரை என்று சேர்த்து வைத்திருந்தான். வீடும் குதிரையும் ஒரிஜினல் கேமில் கிடையாது. 'மாட்' மூலம் சேர்த்தவை.

"என்னடா பண்ணினே?" என்றேன். "நான் ஒண்ணுமே பண்ணலை மாமா" என்றான். இந்த வாக்கியத்தைச் சொல்லும் யாரையும் எங்கள் தொழிலில் நம்புவதில்லை. ஆனால் இந்த முறை அது உண்மை. முதல் நாள் இரவு கம்ப்யூட்டர் ஆன் ஆகியிருந்தபோது கேம் தானாகவே தன்னை அப்டேட் செய்துகொண்டுவிட்டது. மறுநாள் அவன் வழக்கமாகத் திறக்கும் ஐகான் வேலை செய்யவில்லை. வேறு ஐகானைக் கிளிக் செய்திருக்கிறான். 'சில பைல்கள் இல்லை, தொடரவா?' என்று கேட்டதற்கு 'யெஸ்' கொடுத்திருக்கிறான். கேம் திறந்தது. வீடு இல்லை. அந்த நிலையிலேயே பலமுறை ஆட்டோ சேவ் ஆகி, பழைய சேவ் பைல்களின் மேல் எழுதியும்விட்டது.

தவறு என்னுடையதுதான். கேமையும் மாட்களையும் இன்ஸ்டால் செய்து கொடுத்தவன் நான். ஒரே ஒரு செட்டிங்கை மாற்றாமல் விட்டுவிட்டேன். அந்த செட்டிங்கையும், அதற்கு மேல் செய்ய வேண்டியதையும் இங்கே பார்க்கலாம்.

அப்டேட் ஏன் மாட்களைக் கெடுக்கிறது?

மாட் என்பது மாடிபிகேஷன் என்ற சொல்லின் சுருக்கம். கேமைத் தயாரித்த நிறுவனம் அல்லாமல், ஆர்வமுள்ள ரசிகர்கள் எழுதித் தரும் கூடுதல் வசதி. புதிய உடை, புதிய ஊர், அழகான மழை, எழுத்துக்களைப் பெரிதாகக் காட்டும் மெனு என்று எதுவும் மாட் ஆகலாம். பெரும்பாலும் இலவசம்.

இதில் இரண்டு வகை உண்டு. படம், ஒலி, பொருட்கள் போன்றவற்றை மட்டும் சேர்க்கும் மாட்களுக்கு அப்டேட்டால் பெரிய ஆபத்து இல்லை. இன்னொரு வகை, இயங்கிக்கொண்டிருக்கும் கேம் புரோகிராமுக்குள்ளேயே நுழைந்து அதன் வேலையை மாற்றும். சிக்கல் இங்கேதான்.

சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த கூரியர் பையன், எண் மாறிய மறுநாள் பார்சலை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வருவான். இந்த மாட்களும் அப்படித்தான். கேம் புரோகிராமில் எந்த வேலை மெமரியின் எந்த முகவரியில் நடக்கிறது என்பதைக் கணக்கிட்டு எழுதப்பட்டவை. அப்டேட் வந்து புரோகிராம் பைல் மாறினால் முகவரிகள் எல்லாம் நகர்ந்துவிடும். மாட் தவறான கதவைத் தட்டும். கேம் க்ராஷ் ஆகும்.

இதற்குப் பெயர் பெற்ற உதாரணம் ஸ்கைரிம். பெதெஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட இந்தக் கேமின் ஸ்பெஷல் எடிஷன் 2016 அக்டோபரில் வந்தது. இதற்கான மாட்களில் கணிசமானவை எஸ்கேஎஸ்இ என்ற உதவி புரோகிராமை நம்பியிருக்கின்றன. ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்பது முழுப் பெயர். எஸ்கேஎஸ்இ-யின் ஒவ்வொரு பதிப்பும் கேமின் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். கேம் 1.5.97 என்றால் எஸ்கேஎஸ்இ 2.0.20 வேண்டும், 1.6.640 என்றால் 2.2.3, 1.6.1170 என்றால் 2.2.6. ஒன்றுக்கு இன்னொன்றைப் போட்டால் உள்ளே விடாது.

2021 நவம்பர் 11 அன்று, பத்தாம் ஆண்டு விழாவையொட்டி ஆனிவர்சரி எடிஷன் வந்தது. காசு கொடுத்து அதை வாங்காதவர்களின் கம்ப்யூட்டரிலும் கேம் 1.6 என்ற பதிப்புக்குத் தானாக மாறியது. அந்த முறை பெதெஸ்டா கம்பைலரையே மாற்றியிருந்தது. விஷுவல் ஸ்டுடியோ 2015-க்குப் பதில் 2019. நாம் எழுதும் புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். புதிய கம்பைலர் அதே புரோகிராமை வேறு விதமாக அடுக்கும். சிறு சிறு பகுதிகளைப் பெரிய பகுதிகளுக்குள் கரைத்துவிடும். கதவு எண் மட்டுமல்ல, தெருவே மாறிய கதை. எஸ்கேஎஸ்இ-யை நம்பி மாட் எழுதியிருந்தவர்கள் பல இடங்களில் முகவரிகளை முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. அதிலிருந்து மீண்டு ஓரளவு நிலைத்த பிறகு, 2023 டிசம்பரில் இன்னொரு அப்டேட். மறுபடி அதே பாடு.

இதைவிடப் பெரிய அடி வாங்கியவர்கள் பால்அவுட் லண்டன் குழுவினர். பெதெஸ்டாவின் பால்அவுட் 4 கேமை அடிப்படையாக வைத்து, லண்டன் நகரத்தையே ரசிகர்கள் உருவாக்கினார்கள். ஒரு புதிய கேம் என்றே சொல்லத்தக்க அளவு பெரிய மாட். வெளியீட்டு நாள் 2024 ஏப்ரல் 23 என்று அறிவித்தும்விட்டார்கள். பால்அவுட் தொலைக்காட்சித் தொடர் வந்த அதே மாதத்தில், கேமுக்கு ஏப்ரல் 25 அன்று பெரிய அப்டேட் வரும் என்று பெதெஸ்டா அறிவித்தது. இரண்டு நாள் இடைவெளி! மாட் வெளியீடு தள்ளிப்போய், ஜூலை 25 அன்றுதான் வந்தது. அதுவும் எப்படி? கேமைப் பழைய பதிப்புக்குத் திரும்பக் கொண்டுபோய், அதன் மேல் இன்ஸ்டால் செய்யும்படி.

நானும் சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். 'அப்டேட்டை உடனே போடுங்கள்' என்று வாடிக்கையாளர்களிடம் கெஞ்சுகிற கூட்டத்தில் எனக்கும் இடம் உண்டு. எனவே அப்டேட் விடுபவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. பிழையைத் திருத்தாமல் விட்டாலும் அவர்களைத்தான் திட்டுவோம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய கேம் எப்போது மாற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வாங்கியவருக்கு வேண்டாமா? ஸ்டீமில் அந்த உரிமை முழுதாக இல்லை. 'அப்டேட்டே வேண்டாம்' என்ற பட்டன் அதில் கிடையாது. சுற்றுவழிதான் உண்டு.

முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்

கேம் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. கேம் இருக்கும் போல்டருக்குச் செல்லுங்கள். ஸ்டீம் லைப்ரரியில் கேமின் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, மேனேஜ், பிரவுஸ் லோக்கல் பைல்ஸ் என்று போனால் அந்த போல்டர் திறக்கும். அதில் ஸ்கைரிம்எஸ்இ என்ற எக்ஸ்இ பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் திறந்து, டீட்டெயில்ஸ் டேபைக் கிளிக் செய்திடுங்கள். பைல் வெர்ஷன் என்ற இடத்தில் இருக்கும் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் உதவி புரோகிராமின் பதிப்பு எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால் எந்தப் பதிப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது ஸ்டீம் செட்டிங். லைப்ரரியில் கேம் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் செல்லுங்கள். இடது பக்கம் அப்டேட்ஸ் என்று இருக்கும். அதில் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் என்ற பட்டியலில் 'வெயிட் அன்டில் ஐ லான்ச் த கேம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் கேமைத் திறக்கும் வரை காத்திரு என்று அர்த்தம்.

கவனியுங்கள், இது அப்டேட்டைத் தடுக்காது. தள்ளிப்போடும். அவ்வளவுதான். அப்டேட் வந்து காத்திருக்கும்போது லைப்ரரியில் ப்ளே பட்டனை அழுத்தினால் போச்சு. டவுன்லோட் ஆரம்பித்துவிடும். ஆகவே ஸ்டீமின் ப்ளே பட்டனையும், அது டெஸ்க்டாப்பில் போட்டுத் தந்த ஐகானையும் மறந்துவிடுங்கள். ஸ்கைரிம் என்றால் எஸ்கேஎஸ்இ64 லோடர் என்ற புரோகிராம் மூலம், அல்லது மாட் ஆர்கனைசர் போன்ற மாட் மேனேஜரிலிருந்து அந்த லோடரை இயக்கி மட்டுமே கேமைத் திறக்க வேண்டும். அப்படித் திறக்கும்போது ஸ்டீம் அப்டேட்டுக்காக மறிப்பதில்லை. வீட்டில் ஒரே கம்ப்யூட்டரை மூன்று பேர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மற்ற இருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். தம்பியோ தங்கையோ 'சும்மா' ஒரு கிளிக் செய்தால் போதும்.

ஸ்டீம் மெனுவில் 'கோ ஆப்லைன்' என்றும் ஒரு வசதி உண்டு. இன்டர்நெட் இல்லாததுபோல ஸ்டீம் நடந்துகொள்ளும். வேறு கேம்களை நண்பர்களுடன் ஆன்லைனில் ஆடாதவர்களுக்கு இது வசதி. மற்றவர்களுக்கு அடிக்கடி மாற்றிக்கொண்டிருப்பது எரிச்சல்தான்.

நான் சிபாரிசு செய்யும் வழி: ஒரு பிரதி

மேலே சொன்னதெல்லாம் நம் ஞாபகசக்தியை நம்பியவை. நம்ப வேண்டாத வழி ஒன்று உண்டு. கேமின் முழு போல்டரையும் காப்பி செய்து, ஸ்டீமின் கைக்கு எட்டாத இடத்தில் பேஸ்ட் செய்துவிடுங்கள். டி டிரைவில் கேம்ஸ் என்று ஒரு போல்டர் திறந்து அதனுள் வைக்கலாம். ஸ்டீம் தனக்குத் தெரிந்த ஸ்டீம்ஆப்ஸ் போல்டருக்குள் இருப்பதை மட்டுமே அப்டேட் செய்யும். டி டிரைவில் இருக்கும் பிரதியைப் பற்றி அதற்குத் தெரியாது.

காப்பி செய்த பிறகு மாட் மேனேஜருக்குப் புதிய இடத்தைக் காட்ட வேண்டும். கேம் எங்கே இருக்கிறது என்று அது கேட்கும் இடத்தில் டி டிரைவ் போல்டரைத் தேர்ந்தெடுங்கள். லோடரும் புதிய போல்டரில் இருப்பதாகவே இருக்கட்டும். மாட்களை எல்லாம் போட்ட பிறகு இதைச் செய்வதைவிட, கேமை இன்ஸ்டால் செய்தவுடன், ஒரு மாட்கூடப் போடாத சுத்தமான நிலையில் பிரதி எடுப்பது மேல்.

இதற்கான விலை ஹார்ட் டிஸ்க் இடம். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கு 12 ஜிபியாவது வேண்டும். கூடுதல் இணைப்புகள் வாங்கியிருந்தால் இன்னும் அதிகம். 256 ஜிபி எஸ்எஸ்டி மட்டும் உள்ள லேப்டாப் என்றால் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்களுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. கேம் கெட்டாலும் மறுபடி டவுன்லோட் செய்ய வேண்டாம். பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

இது திருட்டு காப்பியா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. காசு கொடுத்து வாங்கிய அதே அக்கவுண்டில் ஸ்டீம் பின்னால் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பிரதியும் திறக்காது.

கேட்பவர்களுக்காக இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீம் ஒவ்வொரு கேமைப் பற்றியும் ஸ்டீம்ஆப்ஸ் போல்டரில் ஒரு சின்ன பைலில் குறித்து வைத்திருக்கும். ஆப்மானிபெஸ்ட் என்று தொடங்கி கேமின் எண்ணில் முடியும். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கு 489830. பால்அவுட் 4-க்கு 377160. ஸ்டீமை முழுதாக மூடிவிட்டு, இந்த பைலின் பிராப்பர்ட்டீஸில் ரீட் ஒன்லி என்ற கட்டத்தில் டிக் செய்தால், அப்டேட் வந்ததைக் குறித்துக்கொள்ள ஸ்டீமால் முடியாது. பலர் இதைச் செய்கிறார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. ஸ்டீம் எழுத முடியவில்லை என்று எரர் காட்டும். ஆறு மாதம் கழித்து எதற்காக எரர் வருகிறது என்று நமக்கே மறந்துபோகும்.

சேவ் பைலுக்கு ஜோடி உண்டு

என் அக்கா மகன் விஷயத்தில் உண்மையான இழப்பு சேவ் பைலில்தான் நேர்ந்தது. கேமை எத்தனை முறை வேண்டுமானாலும் இன்ஸ்டால் செய்யலாம். முப்பது ஞாயிற்றுக்கிழமைகளை இன்ஸ்டால் செய்ய முடியாது.

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனின் சேவ் பைல்கள் டாகுமெண்ட்ஸ் போல்டரில், மை கேம்ஸ் என்பதற்குள், கேமின் பெயரில் உள்ள போல்டரில், சேவ்ஸ் என்ற இடத்தில் இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு சேவுக்கும் ஒரே பெயரில் இரண்டு பைல்கள் தெரியும். ஒன்றின் எக்ஸ்டென்ஷன் இஎஸ்எஸ். இது கேம் எழுதியது. மற்றது எஸ்கேஎஸ்இ என்று முடியும்; மாட்களுக்கான தகவல்களை உதவி புரோகிராம் தனியாக எழுதி வைத்தது. பேக்கப் எடுக்கும்போது இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். உதவி புரோகிராம் இல்லாமல் கேமைத் திறந்து சேவ் செய்தால் இஎஸ்எஸ் மட்டும் எழுதப்படும், ஜோடி இருக்காது. அதனால், 'சில பைல்கள் இல்லை, தொடரவா?' என்ற கேள்வி வந்தால் 'நோ' கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். ஒருமுறைகூடச் சேவ் ஆக விடாதீர்கள்.

அப்டேட் ஏற்கெனவே நடந்துவிட்டதா? சேவ்ஸ் போல்டரை முதலில் காப்பி செய்திடுங்கள். பிறகு சில நாள் பொறுத்துப் பார்க்கலாம்; எஸ்கேஎஸ்இ போன்றவற்றின் புதிய பதிப்பு பெரும்பாலும் சீக்கிரமே வந்துவிடும். அதை நம்பியுள்ள மாட்கள் ஒவ்வொன்றும் வருவதற்குத்தான் தாமதமாகும். சிலவற்றை எழுதியவர்கள் இந்தப் பக்கமே வருவதை நிறுத்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட மாட் உங்களுக்கு முக்கியம் என்றால் பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும். இதற்கென்றே டவுன்கிரேட் பேட்ச்சர் என்ற பெயரில் ரசிகர்கள் எழுதிய புரோகிராம்கள் நெக்சஸ் மாட்ஸ் தளத்தில் உள்ளன. ஸ்டீமின் கன்சோலைத் திறந்து கட்டளை கொடுத்துப் பழைய பைல்களை வாங்கும் வழியும் உண்டு. நீண்ட எண்களைத் தப்பில்லாமல் டைப் செய்ய வேண்டும். முடியும் வரை எத்தனை சதவீதம் ஆயிற்று என்றும் காட்டாது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

மற்ற கேம்களில்

ஜிஓஜி தளத்தில் வாங்கியவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. அதன் கேலக்ஸி புரோகிராமில் ஒவ்வொரு கேமுக்கும் தானியங்கி அப்டேட்டை நிறுத்தும் வசதி நேராகவே இருக்கிறது. கேமின் இன்ஸ்டாலர் பைலையே டவுன்லோட் செய்து பத்திரப்படுத்திக்கொள்ளவும் முடியும். பால்அவுட் லண்டன் குழுவினர் இந்தத் தளத்தின் வழியே வெளியிட்டதில் ஆச்சரியமில்லை.

மைன்கிராப்ட் ஜாவா எடிஷனில் லாஞ்சரைத் திறந்து இன்ஸ்டாலேஷன்ஸ் டேபில் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். பதிப்பைக் கேட்கும் இடத்தில் 'லேட்டஸ்ட் ரிலீஸ்' என்று விட்டுவிடாமல், உங்கள் மாட்கள் எந்த எண்ணுக்கு எழுதப்பட்டவையோ அதைத் தேர்ந்தெடுங்கள். அந்த இன்ஸ்டாலேஷன் அதே எண்ணில் நிற்கும். ஆனால் அதில் உருவாக்கிய உலகத்தைப் புதிய பதிப்பில் ஒருமுறை திறந்துவிட்டால், பழையதற்கு அப்படியே திரும்ப முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். திறப்பதற்கு முன் பேக்கப் எடுக்கவும்.

ரிம்வேர்ல்டு ஆடுகிறவர்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிக்கல். கேமின் பழைய பதிப்புகளை ஸ்டீம் பிராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் என்ற இடத்தில் தேர்ந்தெடுக்கலாம். தயாரிப்பாளர்களே அந்த வசதியைத் தந்திருக்கிறார்கள். ஆனால் ஒர்க்ஷாப்பில் சப்ஸ்கிரைப் செய்த மாட்கள் தாமாகவே அப்டேட் ஆகும். அப்படி ஆகக் கூடாத மாட்டை ஸ்டீம்ஆப்ஸில் ஒர்க்ஷாப், கன்டென்ட், 294100 என்ற போல்டர்களுக்குள் தேடிப் பிடித்து, கேமின் சொந்த மாட்ஸ் போல்டருக்குக் காப்பி செய்துவிட்டு, சப்ஸ்கிரிப்ஷனை ரத்து செய்யுங்கள்.

எதை நிறுத்தக் கூடாது?

மேலே சொன்ன எல்லாம் தனியாக ஆடும் கேம்களுக்கு மட்டும். ஆன்லைனில் மற்றவர்களுடன் ஆடும் கேமில் பழைய பதிப்பை சர்வர் ஏற்காது. ஏற்றாலும் ஆபத்து. 2022 ஜனவரியில் டார்க் சோல்ஸ் வரிசைக் கேம்களில், உடன் விளையாடும் ஒருவர் நம் கம்ப்யூட்டரிலேயே புரோகிராம்களை இயக்கக்கூடிய ஓட்டை இருப்பது தெரியவந்து, கம்ப்யூட்டருக்கான ஆன்லைன் சர்வர்களை நிறுத்திவைத்தார்கள். டார்க் சோல்ஸ் 3-க்கு அவை திரும்ப வந்தபோது ஆகஸ்ட் ஆகிவிட்டது. இத்தகைய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டைத் தடுப்பது, பூட்டை மாற்ற வந்த ஆசாரியைத் திருப்பி அனுப்புவதுபோல. விண்டோஸ் அப்டேட், ஆன்ட்டி வைரஸ் அப்டேட் ஆகியவற்றிலும் கை வைக்காதீர்கள். 'கேமுக்கு நிறுத்தினோமே' என்று அங்கேயும் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அக்கா மகன் புதிதாக ஆரம்பித்துவிட்டான். இந்த முறை கேம் டி டிரைவில் இருக்கிறது. பதிப்பு எண்களை எழுதிய தாளை மானிட்டரின் ஓரத்தில் செலோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறான். ஞாயிறு விளையாடி முடித்ததும் சேவ்ஸ் போல்டரைத் தேதி போட்டு பென் டிரைவில் காப்பி செய்கிறான். அந்த ஐந்து நிமிடமும் ஒரு மணி நேரக் கணக்கில் சேருமா, சேராதா என்பதில் அவனுக்கும் அக்காவுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.